ஹிமாலயன் 411-இல் ஹீட்டட் கிரிப்: கரண்ட் எங்கிருந்து எடுப்பது?

செக்கானூரணி ஹிமாலயன்
டிசம்பர் 2, இரவு 9.15

வணக்கம். கொடைக்கானல் தாண்டி மன்னவனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வாத்தியாராக இருக்கிறேன். வீடு செக்கானூரணி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்குவேன். திங்கள் விடியும் முன்னே மூன்று மணிக்குக் கிளம்பி உசிலம்பட்டி, வத்தலக்குண்டு, காட்ரோடு வழியாக மேலே ஏறுவேன். வண்டி ஹிமாலயன் 411, 2019 மாடல்.

காட்ரோடு வரை குளிர் ஒரு பொருட்டே இல்லை. டம்டம் பாறை தாண்டியதும் விரல் நுனி எரியத் தொடங்கும். பெருமாள்மலை வரும்போது எரிச்சலும் போய் மரத்துவிடும். இன்று காலை ஏரிக்குப் பக்கத்தில் ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தேன், வண்டி நின்றது, நாயும் தப்பியது. ஆனால் லீவரை எவ்வளவு அழுத்தினேன் என்று என் விரலுக்குத் தெரியவே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. தடி கிளவுஸ் போட்டுப் பார்த்தாயிற்று. அரை மணி நேரம் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். மழையில் நனைந்துவிட்டால் அதுவும் இல்லை.

அதனால் ஆன்லைனில், கைப்பிடியைச் சூடாக்குகிற ஹீட்டட் கிரிப் கிட் ஒன்று வாங்கிவிட்டேன். 12 வோல்ட், 4 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. இரண்டு கிரிப், மூன்று படி வைத்துக்கொள்ள ஒரு ஸ்விட்ச், ஒரு சிவப்பு ஒயர், ஒரு கறுப்பு ஒயர். விளக்கத்தாளில் பிளஸ், மைனஸ் தவிர வேறு ஒன்றும் இல்லை. ஊரில் கேட்டால் "ஹெட்லைட் ஒயர்ல கோத்துவிட்டா போதும் சார், பத்து நிமிஷ வேலை" என்கிறார்கள். அது சரியா? பேட்டரி தாங்குமா? விடியற்காலை மலைமேல் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நின்றால் பள்ளிக்கூடம் போய்ச் சேர முடியாது.

வைகைக்கரை
டிசம்பர் 2, இரவு 10.02

வருடத்தில் பத்து மாதம் மதுரை வெயிலில் ஓடுகிற வண்டிக்கு ஹீட்டரா என்றுதான் முதலில் நினைத்தேன். நீங்கள் போகிற பாதையைப் படித்ததும் மாற்றிக்கொண்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். சாவி போட்டால் மட்டும் கரண்ட் விடுகிற ரிலே ஸ்விட்ச் வை, அது இது என்று சிலர் சொல்வார்கள். அதெல்லாம் எதற்கு? இரண்டு ஒயரையும் நேராக பேட்டரியில் கொடுங்கள். எதையும் வெட்டவே வேண்டாம்.

பழைய புல்லட்
டிசம்பர் 3, காலை 6.40

தம்பி, யார் என்ன சொன்னாலும் ஹெட்லைட் ஒயரில் கை வைக்க விடாதீங்க. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

சில வருடம் முன்பு என் 350-க்கு இதே மாதிரி கிட் ஒன்று வாங்கி ஒரு கடையில் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். ஹெட்லைட் கூண்டுக்குள் போகிற ஒயரைச் சீவி, கிட்டின் சிவப்பு ஒயரை அதில் முறுக்கி, மேலே டேப் சுற்றியிருக்கிறார்கள். ஒரு மாதம் நன்றாகவே சுட்டது. நானும் கூண்டைத் திறந்து பார்க்கவில்லை.

நவம்பர் மழையில் நானும் வீட்டுக்காரியும் கொடைக்கானலில் இருந்து இறங்கினோம். நேரம் ராத்திரி எட்டு இருக்கும். ஊத்து தாண்டி ஒரு வளைவில் ஹேண்டிலை முழுசாக ஒடித்தேன். மொத்தமும் அணைந்தது. ஹெட்லைட், பின்லைட், ஹாரன், இண்டிகேட்டர் எதுவும் இல்லை. இன்ஜின் மட்டும் ஓடுகிறது. இடது பக்கம் பள்ளம் என்று தெரியும், எங்கே என்று தெரியாது. பின்னால் வந்த பஸ்காரர் எங்கள் நிலைமையைப் பார்த்துவிட்டு, எங்களை முன்னால் போகச் சொல்லி, தன் வெளிச்சத்திலேயே காட்ரோடு வரைக்கும் கூட்டி வந்தார். அவர் பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டோம், இன்றைக்கும் வீட்டில் அதைச் சொல்லி வருத்தப்படுவோம்.

மறுநாள் கூண்டைத் திறந்தோம். அந்தச் சிவப்பு ஒயர் ஹேண்டில் கழுத்துக்கும் ஸ்டாப்பருக்கும் நடுவே நசுங்கித் தோல் உரிந்திருந்தது. உள்ளே செம்பு கறுத்துப்போய்ச் சட்டத்தைத் தொட்டபடி இருந்தது. லைட் எல்லாவற்றுக்கும் ஒரே ஃபியூஸ். ஹீட்டர் ஒயர் ஷார்ட் ஆனதற்கு ஹெட்லைட்டும் சேர்ந்து போனது அதனால்தான். ஹீட்டருக்கென்று தனி ஃபியூஸ் இருந்திருந்தால் கை குளிர்ந்திருக்கும், அவ்வளவோடு போயிருக்கும்.

மல்டிமீட்டர் மதுரை
டிசம்பர் 3, மதியம் 2.20

பழங்காநத்தம் பக்கம் ஆட்டோ எலெக்ட்ரிக் வேலை பார்க்கிறேன். புல்லட் அண்ணன் சொன்ன மாதிரி எரிந்த வண்டிகள் என்னிடமும் வந்திருக்கின்றன. வாத்தியார் கேட்டது இரண்டு கேள்வி, இரண்டையும் கலக்கக் கூடாது. வண்டியில் மிச்சக் கரண்ட் இருக்கிறதா என்பது ஒன்று. அதை எந்த வழியாகக் கொண்டுபோவது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் தெரியாமல் இரண்டாவதுக்குப் போக வேண்டாம்.

பேட்டரி என்பது தொட்டி, இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கிற காயில்தான் மோட்டார். உங்கள் வண்டியில் இருப்பது 12 வோல்ட், 8 ஆம்பியர் மணி பேட்டரி. இன்ஜின் நின்றிருக்கும்போது 4 ஆம்பியர் இழுத்தால் கணக்குப்படி இரண்டு மணி நேரம் வரும். நிஜத்தில் அதற்கு வெகு முன்னாலேயே செல்ஃப் சுற்றாது. அதனால் காயில் போடுகிற கரண்டில்தான் ஹீட்டர் ஓட வேண்டும். காயில் இன்ஜின் சுற்றுக்குத் தகுந்த மாதிரிதான் போடும், ஐடிலில் குறைவு, 3,000-க்கு மேல் நிறைவு. 2017 ஏப்ரலில் இருந்து வருகிற வண்டிகளில் ஹெட்லைட் அணைக்கிற ஸ்விட்சே கிடையாது. உங்கள் வண்டியில் எச்4 ஹாலோஜன் பல்பு. லோ பீமுக்கே 55 வாட் எப்போதும் போய்க்கொண்டிருக்கும். அதற்கு மேல் பெட்ரோல் பம்ப், இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற இசிஎம், இக்னிஷன். இதெல்லாம் போக மிச்சம் எவ்வளவு என்று புத்தகத்தில் தேட வேண்டாம், வண்டியிடமே கேட்கலாம்.

கழற்றிப்போட்ட பழைய எச்4 பல்பு ஒன்று எந்த மெக்கானிக் கடையிலும் கிடைக்கும். ஒரு இழை போயிருந்தாலும் பரவாயில்லை, லோ பீம் இழை எரிந்தால் போதும். அதில் இரண்டு ஒயர் வைத்து, நடுவில் ஃபியூஸ் போட்டு, பேட்டரியில் கொடுங்கள். அது ஏறக்குறைய உங்கள் கிரிப் இழுக்கிற அளவே இழுக்கும். பல்பைச் செங்கல் மேல் வையுங்கள், கையில் பிடித்தால் தோல் போய்விடும், சீட் மேல் வைத்தால் சீட் போய்விடும். இப்போது மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, பேட்டரி முனையிலேயே குத்திப் பாருங்கள். இன்ஜின் அணைத்து ஒரு அளவு. ஐடிலில், 2,000-இல், 3,000-இல், 4,000-இல் பல்பு இல்லாமல் ஒன்று, பல்போடு ஒன்று. வண்டி சூடான பிறகு பாருங்கள், ஹெட்லைட் ஹை பீமில் இருக்கட்டும். நீங்கள் வழக்கமாக ஓட்டுகிற சுற்றில், பல்பு எரியும்போதும் 13.2-க்குக் கீழே போகாமல் நின்றால் தைரியமாகப் போடலாம். 12.6-க்குக் கீழே போனால் அந்த நேரம் பேட்டரி கரைகிறது என்று அர்த்தம்.

வைகைக்கரை நண்பரே, நேராக பேட்டரியில் கொடுப்பதில் ஒயரை வெட்ட வேண்டாம் என்பது சரிதான். ஆனால் சாவியை எடுத்த பிறகும் ஹீட்டர் ஓடும். சில கிட்டுகளில் வோல்ட் இறங்கினால் தானே அணையும் வசதி இருக்கும். இந்தக் கிட்டில் இருப்பதாக அவர் சொல்லவில்லை. குளிரில் இறங்கி ஓடுகிற மனிதருக்கு ஸ்விட்சை அணைக்க ஒரு நாளாவது மறக்கும்.

செக்கானூரணி ஹிமாலயன்
டிசம்பர் 7, மாலை 6.30

அண்ணே, நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். மேலே மீட்டர் கிடைக்கவில்லை, ஊருக்கு வந்து இன்றைக்குத்தான் முடிந்தது. டவுன்ஹால் ரோட்டில் ஒரு மீட்டர் வாங்கினேன். பழைய பல்பு தெருமுனை மெக்கானிக் சும்மாவே கொடுத்தார்.

இன்ஜின் அணைத்து 12.7. பல்பு இல்லாமல் ஐடிலில் 13.3, 2,000-இல் 13.9, 3,000-இல் 14.1, 4,000-இலும் அதே 14.1. பல்போடு ஐடிலில் 12.4, 2,000-இல் 13.1, 3,000-இல் 13.6, 4,000-இல் 13.8.

பல்பைக் கொடுத்ததும் ஐடில் சத்தமே லேசாகக் கனத்தது. வெளிச்சத்தை இவ்வளவு பக்கத்தில் வைத்து எடை போட்டுப் பார்த்த மாதிரி இருந்தது. சரி, இப்போது என்ன சொல்கிறீர்கள்?

மல்டிமீட்டர் மதுரை
டிசம்பர் 7, இரவு 8.05

நல்ல வண்டி. போடலாம். 3,000-இல் 13.6 என்றால் கிரிப்பும் சுடும், பேட்டரியும் நிரம்பும். ஆனால் ஐடிலில் 12.4 என்பதை நினைவில் வையுங்கள். வழியில் ரயில்வே கேட்டிலோ, மலையில் பஸ் ஒதுங்குவதற்காகவோ நிற்கும்போது ஸ்விட்சை முதல் படிக்கு இறக்குங்கள். ஒன்றிரண்டு நிமிடம் என்றால் ஒன்றும் ஆகாது. பத்து நிமிடம் நின்றால் அணையுங்கள்.

பெட்ரோல் கூடுதலாகக் குடிக்குமா என்று அடுத்துக் கேட்பீர்கள். காயில் தருகிற கரண்டை டிசியாக்கி வோல்ட்டைக் கட்டுக்குள் வைப்பது ஆர்ஆர் யூனிட் (ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்). நம் வண்டிகளில் பெரும்பாலும் அது ஷன்ட் வகை. காயில் தன்னால் முடிந்ததைப் போட்டுக்கொண்டே இருக்கும். வண்டிக்குத் தேவைப்படாததை ஆர்ஆர் யூனிட் ஷார்ட் செய்து சூடாகக் கழித்துவிடும். அப்படிக் கழிவதில் கொஞ்சம் உங்கள் கைக்கு வரப்போகிறது. மைலேஜில் தெரியாது.

இனி ஒயரிங். நான்கு கால் ரிலே ஒன்று, 12 வோல்ட் 30 ஆம்பியர் போதும், சாக்கெட்டோடு வாங்குங்கள். கால்களின் பக்கத்தில் 30, 85, 86, 87 என்று பொறித்திருக்கும். பேட்டரி பிளஸ்ஸில் இருந்து ஃபியூஸ் வழியாக 30-க்கு. 87-இல் இருந்து கிட்டின் சிவப்புக்கு. 85 எர்த். 86-க்கு, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற ஒரு ஒயரில் இருந்து சின்னக் கிளை. கிட்டின் கறுப்பு ஒயரை பேட்டரி மைனஸுக்கே கொண்டுபோங்கள், பெயிண்ட் அடித்த சட்டத்தில் எர்த் தேட வேண்டாம்.

ரிலே காயில் 0.15, 0.2 ஆம்பியர்தான் இழுக்கும். அதனால் 86-க்குக் கிளை எடுக்கிற ஒயருக்கு அது பாரமே இல்லை. பார்க்கிங் லைட் ஒயர் நல்லது. எடுக்கும் முன் டெஸ்ட் லாம்ப் வைத்து, சாவி போட்டால் எரிகிறதா, எடுத்தால் அணைகிறதா என்று பாருங்கள். ஒயர் நிறத்தை நம்பி வெட்ட வேண்டாம். ஏபிஎஸ், பெட்ரோல் பம்ப், இசிஎம் பக்கம் போகவே வேண்டாம்.

ஃபியூஸ் பேட்டரி முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அந்த ஒரு சாணுக்குக் காவல் கிடையாது, மற்றதெல்லாம் ஃபியூஸின் காவலில் வந்துவிடும். ஹேண்டில் பக்கத்தில் ஃபியூஸ் வைத்துக் கொடுத்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். டேங்குக்கு அடியில் ஒயர் தேய்ந்தால் அந்த ஃபியூஸுக்கு ஒன்றுமே தெரியாது. 5 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள்.

திருநகர் இஇஇ
டிசம்பர் 7, இரவு 10.40

மல்டிமீட்டர் அண்ணன் சொன்னதில் எல்லாம் உடன்பாடு, ஃபியூஸ் அளவில் மட்டும் ஒரு திருத்தம். கிட்டில் போட்டிருக்கும் 4 ஆம்பியர் 12 வோல்ட்டுக்கு உரியது. அப்படியென்றால் பக்க இணைப்பில் இருக்கும் இரண்டு சுருளுக்கும் சேர்த்துத் தடை 3 ஓம். வண்டி ஓடும்போது 14 வோல்ட் இருக்கும். 14-ஐ 3-ஆல் வகுத்தால் 4.67 ஆம்பியர், ஏறக்குறைய 65 வாட். 5 ஆம்பியர் ஃபியூஸ் எப்போதும் தன் எல்லையில் சூடாகவே நிற்கும், ஒரு நாள் விடியற்காலையில் காரணமே இல்லாமல் போகும். 7.5 ஆம்பியர் சரியாக இருக்கும். பிளேடு ஃபியூஸில் பழுப்பு நிறம். ஃபியூஸ் காப்பது ஒயரைத்தான், கிரிப்பை இல்லை. 1 ஸ்கொயர் (1 சதுர மில்லிமீட்டர்) ஒயருக்கு 7.5 தாராளமாகப் பொருந்தும்.

ஒயர் தடிமனுக்கும் ஒரு கணக்கு. பேட்டரியில் இருந்து ஹேண்டிலுக்குப் போகவும் வரவும் 4 மீட்டர் என்று வைத்தால், 1 ஸ்கொயர் செம்பில் 0.07 ஓம் வரும், இழப்பு 0.3 வோல்ட். அரை ஸ்கொயர் போட்டால் 0.6 வோல்ட். சூடு வோல்ட்டின் வர்க்கத்தில் மாறுவதால், 0.6 வோல்ட் போனால் சூட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விடும். அது கைக்கு வராமல் ஒயரில் கழியும். ஒயர் விலையில் மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது?

மல்டிமீட்டர் மதுரை
டிசம்பர் 8, காலை 7.10

சரியான திருத்தம். 14 வோல்ட்டுக்கு நான் கணக்குப் போடவில்லை. வாத்தியாரே, 7.5 போடுங்கள். இன்னும் இரண்டு உபரி வாங்கி டூல் பையில் வையுங்கள். அது போனால் 15 போடலாம் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம்.

போடி ஏலக்காய்
டிசம்பர் 8, காலை 11.25

இதைப் படித்துக்கொண்டே இருக்கிறேன், எனக்கும் ஒரு வழி சொல்லுங்கள். ஏலத்தோட்டத்தில் கணக்கு வேலை. போடியில் இருந்து மெட்டு ஏறிப் போகிறேன், 17 வளைவு. 110 சிசி ஸ்கூட்டர்தான். டிசம்பர், ஜனவரியில் கை விரல் வெளுத்துப் போய், தோட்டத்து ஆபீஸில் பேனா பிடிக்கவே அரை மணி நேரம் ஆகிறது. இந்தக் கிட் என் வண்டிக்குப் போடலாமா?

மல்டிமீட்டர் மதுரை
டிசம்பர் 8, மதியம் 1.15

அக்கா, போடாதீங்க. ஸ்கூட்டரில் பேட்டரியும் சின்னது, காயிலும் சின்னது. வாத்தியார் வண்டியில் மிச்சம் இருக்கிற அளவு கரண்ட் உங்கள் வண்டியில் மொத்தமாகவே இருக்குமா என்பது சந்தேகம். ஒரு வாரம் சுடும், அப்புறம் தினமும் கிக்கர் மிதிப்பீர்கள். கிக்கர் இல்லாத மாடல் என்றால் அதுவும் முடியாது.

பழைய புல்லட்
டிசம்பர் 8, மதியம் 3.50

அம்மா, கரண்டே இல்லாமல் ஒரு வழி இருக்கிறது. கை குளிர்வது காற்றால்தான். காற்றை நிறுத்தினால் உடம்புச் சூடே விரலுக்குப் போதும். ஹேண்டிலையும் லீவரையும் சேர்த்து மூடுகிற உறை ஒன்று, சீட் கவர் தைக்கிற கடையில் சொல்லித் தைத்துக்கொள்ளுங்கள். வெளியே ரெக்சின், உள்ளே பழைய கம்பளி. இரண்டு விஷயம் கவனிக்கணும். உறையின் முன்பக்கத்தில் ஒரு கெட்டி பிளாஸ்டிக் தகடு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். வெறும் துணி என்றால் காற்று அழுத்தி, துணியே பிரேக் லீவரைத் தள்ளும். வாய் அகலமாக இருக்கட்டும், கை ஒரே இழுப்பில் வெளியே வரணும். வண்டியை நிறுத்திவிட்டுப் பத்துத் தடவை கையை விட்டு எடுத்துப் பழகிவிட்டு அப்புறம் மெட்டு ஏறுங்கள்.

வைகைக்கரை
டிசம்பர் 8, மாலை 5.30

ஜாயிண்ட் எப்படிப் போடுவது என்று யாரும் சொல்லவில்லையே. ஒயரை வெட்டாமல் மேலே வைத்து பிளையரால் நசுக்குகிற நீல நிறக் கடி கனெக்டர் இருக்கிறது, அதைப் போட்டால் வேலை சுலபம். இல்லை, ஈயம் வைத்துப் பற்றவைப்பதுதான் உறுதி என்பார்கள். எது சரி?

மல்டிமீட்டர் மதுரை
டிசம்பர் 8, இரவு 7.45

கடி கனெக்டர் வேண்டாம். அது ஒயரின் தோலைப் பிளந்து உள்ளே இருக்கும் இழைகளில் நாலைந்தை அறுத்துவிட்டுத்தான் கடிக்கும். பிளந்த இடத்தில் மழைத்தண்ணீர் ஏறும், மலை மழையில் ஒரு பருவம் போதும் செம்பு பச்சை பூக்க.

ஈயம் பற்றி ஆளுக்கு ஆள் ஒன்று சொல்வார்கள். ஈயம் வைத்த இடம் கம்பி மாதிரி விறைத்துவிடும். அது முடிகிற விளிம்பில் வண்டி அதிர்வு முழுவதும் விழுந்து, ஒயர் அங்கேதான் ஒடியும். அதனால் அசைகிற இடத்தில், அதாவது ஹேண்டில் கழுத்துப் பக்கம், ஈயம் வைக்க மாட்டேன். லக் வைத்து முறையான கிரிம்பிங் பிளையரால் அழுத்தி, மேலே பசை உள்ள ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டிச் சுருக்குவேன். சட்டத்தோடு சேர்த்துக் கட்டிய, அசையாத இடத்தில் ஈயம் வைத்தாலும் தப்பில்லை. இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றி விடுவது எங்கேயும் கூடாது. மதுரை வெயிலில் அதன் பசை உருகி வழிந்து டேப் அவிழ்ந்துவிடும்.

கனெக்டருக்குள் போகிற ஒயரை, போகும் முன் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். ஒயர் மேல் ஓடி வருகிற மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

பழைய புல்லட்
டிசம்பர் 9, காலை 6.15

கரண்ட் வேலையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த வேலையில் உயிர்போகிற இடம் ஆக்ஸிலேட்டர். வலது கிரிப் ஒயரோடு சேர்ந்து சுற்றும். முழுசாக முறுக்கும்போது ஒயர் இழுபடக் கூடாது. விடும்போது ஒயரோ ஸ்விட்ச் பெட்டியோ பிடித்து நிறுத்தக் கூடாது. கிரிப்புக்கும் ஸ்விட்ச் பெட்டிக்கும் நடுவே 2 மில்லி, கடைசியில் பார் எண்ட் பக்கமும் 2 மில்லி இடைவெளி விடுங்கள். பிசின் வைக்கும் முன்பே போட்டுப் பார்த்து, ஒயர் எந்தப் பக்கம் வந்தால் லீவருக்கும் முட்டாமல் இருக்கும் என்று பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். பிசின் சில நொடியில் பிடித்துவிடும், அப்புறம் திருப்ப முடியாது.

பழைய கிரிப்பைக் கழற்றும்போது ஆக்ஸிலேட்டர் குழாய் மேல் பல்லுப் பல்லாக இருக்கும். அதை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டியிருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கணும். குழாய் பிளந்தால் வேறு வாங்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, இன்ஜினை ஐடிலில் விட்டு, ஹேண்டிலை இடமும் வலமும் கடைசி வரை ஒடியுங்கள். இன்ஜின் சத்தம் ஒரு துளிகூட ஏறக் கூடாது. ஏறினால் ஏதோ ஒரு கேபிளோ ஒயரோ இழுபடுகிறது. அதோடு ரோட்டில் இறங்காதீங்க.

செக்கானூரணி ஹிமாலயன்
டிசம்பர் 15, மாலை 7.20

போட்டு முடித்தேன். நேற்றும் இன்றும் ஆனது. கூட என் மாமா பையன் இருந்தான்.

பழைய இடது கிரிப்தான் படுத்தியது. சோப்புத் தண்ணீர் விட்டும் அசையவில்லை. கடைசியில் பிளேடு வைத்துக் கிழித்தோம். புதியதை ஒட்டும் முன் ஹேண்டில் பாரைத் தின்னர் வைத்துத் துடைத்தேன். ஒட்டிவிட்டு ராத்திரி முழுக்கத் தொடவில்லை. ரிலேயை பேட்டரி பக்கத்திலேயே, ஒயர் நுழைகிற பக்கம் கீழே பார்க்கிற மாதிரி கட்டினேன். ஒயரை டேங்குக்கு அடியில், பழைய ஒயர்க்கட்டோடு சேர்த்து, சாணுக்கு ஒரு டேக் போட்டுக் கொண்டுவந்தேன். பார்க்கிங் லைட் ஒயரைத் தேடும்போது டெஸ்ட் லாம்ப் சொன்னது நல்லதாகப் போயிற்று. நான் முதலில் எடுக்க இருந்த ஒயரில் சாவி எடுத்த பிறகும் கரண்ட் இருந்தது.

ஹேண்டிலை ஒடித்துப் பார்த்தபோது இடது பக்கக் கடைசியில் இன்ஜின் லேசாக ஏறியது. புல்லட் ஐயா சொல்லாமல் இருந்தால் கவனித்திருக்கவே மாட்டேன். கிரிப் ஒயர், ஆக்ஸிலேட்டர் கேபிளோடு ஒரே டேக்கில் மாட்டியிருந்தது. அவிழ்த்து, இரண்டு விரல் அளவு தளர்வு கொடுத்ததும் சரியாகிவிட்டது.

ஒரு சந்தேகம். மூன்றாவது படியில் வைத்தால் வலது கிரிப் நன்றாகச் சுடுகிறது, இடது வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. இடது சுருள் கெட்டதா?

திருநகர் இஇஇ
டிசம்பர் 15, இரவு 8.10

கெட்டிருக்காது. வலது கிரிப் பிளாஸ்டிக் குழாய் மேல் உட்கார்ந்திருக்கிறது, பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாது. இடது கிரிப் நேராக இரும்புக் குழாய் மேல். சூட்டில் ஒரு பங்கை அந்த இரும்பு இழுத்து ஹேண்டில் முழுக்கப் பரப்பிவிடும். நல்ல கிட்டுகளில் இதற்காகவே இடது சுருளுக்குக் கொஞ்சம் கூடுதல் வாட் வைத்திருப்பார்கள். சந்தேகம் தீர வேண்டுமென்றால் இரண்டு கிரிப்பின் கனெக்டரையும் கழற்றித் தனித்தனியாக ஓம் பாருங்கள். ஒன்று முடிவில்லாமல் காட்டினால்தான் அறுந்ததாக அர்த்தம். இன்னும் ஒட்டாதவர்கள் யாராவது படித்தால், இடது பாரின் மேல் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஒரு சுற்றுப் போட்டுச் சுருக்கிவிட்டு அதன்மேல் கிரிப்பை ஏற்றுங்கள். இறுக்கமாகத்தான் ஏறும், ஆனால் சூடு உள்ளே போகாது.

செக்கானூரணி ஹிமாலயன்
டிசம்பர் 15, இரவு 9.30

பார்த்தேன். இடது 6.1 ஓம், வலது 6.3 ஓம். இரண்டும் நலம்.

செக்கானூரணி ஹிமாலயன்
டிசம்பர் 16, இரவு 8.45

காலையில் மூன்று மணிக்குக் கிளம்பினேன். வத்தலக்குண்டு வரை ஸ்விட்சைத் தொடவில்லை. காட்ரோட்டில் முதல் படி, டம்டம் பாறையில் இரண்டாவது, பெருமாள்மலையில் மூன்றாவது. உள்ளங்கையில் பிடித்த சூடு மெதுவாக விரலுக்கு ஏறியது. விரலின் முதுகுப் பக்கம் மட்டும் காற்றில் குளிர்ந்தது, அதற்கு ஹேண்ட் கார்டு போட்டால் சரியாகும் என்று நினைக்கிறேன். தடி கிளவுஸை எடுத்துவிட்டு, உள்ளங்கை மெல்லிசான கிளவுஸ் போட்டுக்கொண்டேன், அப்போதுதான் சூடு உறைத்தது. பூம்பாறை தாண்டி எதிரே மாடு வந்தபோது லீவர் எத்தனை மில்லி நகர்ந்தது என்றுகூட விரல் சொன்னது.

மீட்டரை டேங்க் பையில் வைத்துக் கொண்டுவந்தேன். பள்ளிக்கூட வாசலில் வண்டியை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தேன், 12.7. சாவியை எடுத்ததும் ரிலே 'டக்' என்று விடுகிற சத்தமும் கேட்டது. கரும்பலகையில் தேதியை இன்றைக்கு முதல் மணியிலேயே நானே எழுதினேன்.

போடி ஏலக்காய்
டிசம்பர் 17, இரவு 9.05

போடியில் உறை தைத்துவிட்டேன். தகடாக பழைய எண்ணெய் கேனை வெட்டி வைத்தார் கடைக்காரர். நாளைக்குக் காலை மெட்டு ஏறுகிறேன்.